பழி லூகாஸ் மேலே, கோளாறு எர்த்திலே

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அவற்றுக்கு மின்சாமான் செய்து கொடுத்த லூகாஸ் கம்பெனியைப் பற்றி ஜோக் ஒன்று வந்து விழும். லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலைகள்: மங்கல், மினுக்கல், இருட்டு. ஆங்கிலேயர்கள் ஏன் பீரை வெதுவெதுப்பாகக் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் லூகாஸ். ஒயருக்குள் ஓடுவது கரண்ட் அல்ல, புகை; புகை வெளியே வந்துவிட்டால் கார் நின்றுவிடும் என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கம்பெனிக்கு ஒரு பட்டப்பெயர் வேறு: 'இருளின் இளவரசன்'. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமில் மண்ணெண்ணெயும் விளக்கும் விற்றுத் தலையெடுத்த ஜோசப் லூகாஸின் கம்பெனிக்குத்தான் இந்தப் பெயர்.

ஜோக்குகள் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றை நம்பி ரிப்பேருக்குக் கிளம்பினால் பணம்தான் போகும். 'லூகாஸ் சாமான் மோசம்' என்று முடிவு கட்டியவர் செய்கிற முதல் வேலை, அதைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்கி மாட்டுவது. ஆனால் கோளாறு பெரும்பாலும் அந்தச் சாமானுக்குள் இருப்பதில்லை. அதற்குக் கரண்ட் போகிற வழியிலோ, திரும்பி வருகிற வழியிலோ இருக்கிறது. போதாக்குறைக்கு, இன்று கடையில் கிடைக்கிற புதுச் சாமான்களில் சில, கழற்றி எறிந்த ஐம்பது வருடப் பழசைவிடச் சீக்கிரம் உயிரை விடுகின்றன.

எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகத் தெரியும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பெரும்பகுதி வட அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பல மாநிலங்களில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். பெரும்பாலானவற்றில் மேற்கூரை துணி, மழை கொஞ்சமாவது உள்ளே வரும். அடியில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். அதற்கு நடுவே ஒயர்களைச் சேர்ப்பது பித்தளைத் துண்டுகள். என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

லூகாஸ் தரமாகச் செய்யத் தெரியாத கம்பெனியா? ஃபிராங்க் விட்டில் ஜெட் எஞ்சினை உருவாக்கியபோது அதன் எரியறைப் பிரச்சினையில் கைகொடுத்தது லூகாஸ்தான். பிறகு விமானங்களுக்கான எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் செய்தது. விஷயம் வேறு. கார் கம்பெனிகள் ஒவ்வொரு பென்னியையும் எண்ணி வாங்கின. அந்த விலைக்குத் தகுந்த சரக்கு வந்தது. போட்டியும் பெரிதாக இல்லை. பிரிட்டனின் ஏகபோகக் கமிஷன் வாகன மின்சாதனத் துறையைத் தனியாக விசாரித்து 1963-ல் அறிக்கை கொடுக்கும் அளவுக்குச் சந்தை லூகாஸ் கையில் இருந்தது. எம்ஜி, டிரையம்ப், ஆஸ்டின் ஹீலி, ஜாகுவார் எதைத் திறந்தாலும் லூகாஸ் பெயர் இருக்கும். எனவே எது கெட்டாலும் லூகாஸ்தான் கெட்டது. சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் பாடி பஸ் ஸ்டாப்பாகத்தான் முதலில் ஞாபகம் வரும். 1960களின் தொடக்கத்தில் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து லூகாஸ் அங்கே தொழிற்சாலை போட்டது. அதே காலத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரானது. அந்த ஹெரால்டின் சேஸிஸை வைத்து இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஆக, நம்மூர் பழைய எலக்ட்ரீஷியன்களுக்கு இந்த ஒயரிங் ஒன்றும் அந்நியமல்ல.

அந்த ஒயரிங்கின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் இதைவிடச் சுலபமாகப் படிக்கக்கூடிய கார் ஒயரிங் குறைவு. பிரிட்டனில் எல்லா கம்பெனிகளும் கிட்டத்தட்ட ஒரே நிறமுறையைப் பின்பற்றின. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஃப்யூஸ் கிடையாது. வெள்ளை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும், அதற்கும் ஃப்யூஸ் இல்லை. பச்சை, வெள்ளையிலிருந்து ஃப்யூஸ் தாண்டி வருவது. ஊதா, எப்போதும் கரண்ட் உண்டு, ஃப்யூஸும் உண்டு. நீலம் ஹெட்லைட். சிவப்பு பார்க்கிங் லைட், டெயில் லைட். கறுப்பு எர்த், அதாவது கரண்ட் காரின் உலோக பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிற வழி. இவ்வளவுதான். இந்த ஏழு நிறத்தை மனப்பாடம் செய்தவர் பாதி ரிப்பேரை முடித்த மாதிரி.

ஆரம்பகால எம்ஜிபியில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ். பிற்பாடு நான்கு ஆனது. இதில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் கண்ணாடி ஃப்யூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது ஊதிப்போகும் அளவு 35. தொடர்ந்து தாங்குவது 17 மட்டும். அமெரிக்க ஃப்யூஸில் போட்டிருக்கும் எண் வேறு கணக்கு. 35 என்றால் தொடர்ந்தே 35 தாங்கும். எண்ணைப் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸ் பத்திரமாக இருக்கும், ஒயர் உருகும். அந்தப் புகை ஜோக் பிறந்ததே இப்படித்தானோ என்னவோ.

இனி ஹெட்லைட்டுக்கு வருவோம். 'இருளின் இளவரசன்' என்ற பட்டத்துக்கு முக்கியச் சாட்சி அதுதான்.

எம்ஜிபியின் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச், என்ற பேச்சே இல்லை. அந்த 10 ஆம்பியரும் பேட்டரியில் கிளம்பி, டாஷ்போர்டு சுவிட்சுக்குள் நுழைந்து, அங்கிருந்து டிம்-பிரைட் சுவிட்சுக்குப் போய், ரேடியேட்டருக்கு முன்னால் கூட்டமாகத் தொங்கும் புல்லட் கனெக்டர்களைத் தாண்டித்தான் பல்புக்கு வரும். ஒயர் நுனியில் குண்டு வடிவில் ஒரு பித்தளைத் துண்டு, அதைச் செருக ரப்பர் உறை போட்ட ஒரு குழாய்: இதுதான் புல்லட் கனெக்டர். புதிதாக இருக்கும்போது அருமையான இணைப்பு. முப்பது நாற்பது வருடம் கழித்து ஒன்றை உருவிப் பாருங்கள். வருவதற்கே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வந்தபின் பார்த்தால் நுனி கறுத்து, ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். குத்துவிளக்கில் ஏறுகிற அதே களிம்பு.

களிம்பு கரண்ட்டை முழுதாகத் தடுத்துவிட்டால் நல்லது, உடனே தெரிந்துவிடும். அது கொஞ்சமாகத் தடுக்கும். ஒரு இணைப்பில் 0.05 ஓம் என்று வையுங்கள், சாதாரண மீட்டரில் கண்ணுக்கே தெரியாத அளவு. வழியில் அப்படி நான்கு இடம் இருந்தால் 0.2 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே சூடாகக் கரைந்துவிடும். பல்புக்கு மிஞ்சுவது 10 வோல்ட். இழை பல்பில் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். 2 வோல்ட் போனால் கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் போச்சு. காரோட்டி என்ன நினைப்பார்? 'பல்பு சரியில்லை, அதிக வாட்ஸ் வாங்கிப் போடலாம்.' போட்டால் இன்னும் அதிக ஆம்பியர், இணைப்புகளில் இன்னும் அதிக இழப்பு, சுவிட்சுக்குள் இன்னும் அதிகச் சூடு. கடைசியில் சுவிட்ச் கருகும். லூகாஸ் சுவிட்ச் மோசம் என்று பெயர் வரும்.

இந்த மாதிரி கோளாறு பிடிபடாமல் தப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் அழகாக 12 வோல்ட் காட்டும். கரண்ட் ஓடாதபோது களிம்பு எதையும் இழக்க வைக்காது. எனவே லைட் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்: மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், இன்னொன்றை பல்பின் எர்த் பக்கத்திலும் வையுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் திரும்புகிற வழி சுத்தம். அரை வோல்ட் காட்டினாலே எர்த்தைச் சந்தேகப்படலாம். அப்புறம் இதேபோல கரண்ட் போகிற வழியையும், பேட்டரி முனையிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து பல்பு என்று துண்டு துண்டாக அளந்தால் வோல்ட்டைத் தின்கிற இடம் தானாக அகப்படும். எந்தச் சாமானையும் கழற்ற வேண்டாம், எதையும் வாங்க வேண்டாம். அந்த இணைப்பை உருவி, உப்புத்தாளில் தேய்த்து, வாஸ்லின் தடவி, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினால் போதும். ஹெட்லைட்டுக்கு மட்டும் கூடவே இரண்டு ரிலே போட்டு, 10 ஆம்பியரை அந்தப் பழைய சுவிட்சிலிருந்து விலக்கிவிடுவது புத்திசாலித்தனம். அசல் தன்மை போய்விடும் என்பவர்கள் இரவில் ஓட்டாதவர்களாக இருக்க வேண்டும்.

எர்த் கோளாறு இன்னும் விசித்திரமான வேடங்களில் வரும். எம்ஜிபியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால், பாடியின் அடியில். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு உலோகத் தொடர்பு இல்லை. செல்ஃப் எடுக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் எஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்ப ஒரே பாலம், பின்னிய செம்புப் பட்டை ஒன்று. கிளட்ச் மாற்ற எஞ்சினை இறக்கிய மெக்கானிக் அதைத் திரும்ப மாட்ட மறந்தால்? கரண்ட் வேறு வழி தேடும். கிடைப்பது சோக் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும். செல்ஃப் மந்தமாக முனகும், சோக் கேபிள் சுட்டுப் பழுத்துப் புகையும். இதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

பேட்டரி என்றேனே, முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அது ஒன்றல்ல, இரண்டு. ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டை அடுத்தடுத்த பெட்டிகளில் வைத்து ஒரு கேபிளால் சேர்த்திருந்தார்கள். அதைப் பார்க்க சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். யார் கழற்றுவார்கள்? தண்ணீர் வற்றி, முனைகளில் வெள்ளைப் பொடி பூத்து, ஒரு நாள் காலை அடங்கிப்போகும்வரை அப்படி இரண்டு இருப்பதே பலருக்கு ஞாபகம் இருக்காது. 1967 கடைசிவரை பாசிட்டிவ் எர்த் வேறு, அதாவது பாடியோடு சேர்த்திருந்தது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை. அந்தக் காரில் நவீன ரேடியோவையோ எலக்ட்ரானிக் சாமானையோ யோசிக்காமல் மாட்டினால் அது அந்த நொடியே காலி.

நடுரோட்டில் எம்ஜிபியை நிறுத்துவதில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், நான் பெட்ரோல் பம்ப்பைத்தான் சொல்வேன். வேடிக்கை என்னவென்றால் அது லூகாஸ் சரக்கே அல்ல. எஸ்யு கம்பெனியுடையது, மோரிஸ் குழுமத்தின் சொந்தப் பிள்ளை. சாவியைப் போட்டதும் பின்னாலிருந்து 'டக் டக் டக்' என்று வேகமாகக் கேட்டு, கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கும். உள்ளே ஒரு காயில், டயாஃபிரம் என்கிற சவ்வை இழுக்கிறது. இழுப்பின் முடிவில் ஒரு நெம்புகோல் தட்டி, கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற பாயிண்ட் திறக்கிறது. கரண்ட் நின்று, ஸ்பிரிங் டயாஃபிரத்தைத் திருப்பித் தள்ளி பெட்ரோலை அனுப்புகிறது. பாயிண்ட் மீண்டும் சேர்கிறது. ஒவ்வொரு 'டக்'கிலும் அந்தப் பாயிண்ட்டில் ஒரு சின்னத் தீப்பொறி. வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் பாயிண்ட் தன்னைத்தானே சுத்தமாக வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றால் அதன்மேல் ஆக்சைடு படியும். சாவி போட்டால் சத்தமே வராது. பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து, வீல் ஸ்பேனரால் பம்ப்பின் உடம்பில் ஒரு தட்டு தட்டினால் பாயிண்ட் அசைந்து ஓட ஆரம்பிக்கும். இந்தத் தட்டு வைத்தியத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஒரு தட்டில் சரியாகிற பம்ப்பை வடிவமைத்தவருக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். இன்றைய காரில் டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் செத்தால் இழுவை வண்டிதான் கதி.

பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவின் கணக்கு இன்னொரு வகை. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் இருந்த சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. ஐடிலில் ஒன்றும் தேறாது. சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு லேசாகக் கண் சிமிட்டும், அது கோளாறும் அல்ல. மழை இரவு என்று வையுங்கள்: ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் விசிறி, இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். நெரிசலில் நின்று நின்று போனால் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும். இங்கே எந்தச் சாமானும் கெடவில்லை; வரவு செலவுத் திட்டமே அப்படித்தான். ஆல்டர்னேட்டர் வந்தபின் 34 ஆம்பியரும் அதற்கு மேலும் கிடைத்தது, இந்தப் பிரச்சினை முடிந்தது.

இப்போது புதுச் சாமான்கள். லூகாஸ் இன்டஸ்ட்ரீஸ் 1996-ல் வேரிட்டியோடு இணைந்தது. 1999-ல் டிஆர்டபிள்யூ அதை வாங்கியது. பழைய பெயர் லைசென்ஸாக மிஞ்சியது. அட்டைப்பெட்டியில் லூகாஸ் என்று அச்சிட்டிருப்பதால் உள்ளே இருப்பது பர்மிங்ஹாம் சரக்கு என்று அர்த்தமில்லை.

பிளக்குகளுக்குத் தீப்பொறிக் கரண்ட்டைப் பிரித்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் சுற்றுகிற ரோட்டர்தான் இதற்கு நல்ல உதாரணம். பிளாஸ்டிக் உடம்பு, மேலே பித்தளைத் தகடு, பார்க்க அசல் மாதிரியே இருக்கும். மலிவாகச் செய்தவற்றில் தகட்டைப் பிடிக்க ஒரு ரிவெட் அடித்து, அதன் அடிமுனை நடுத்தண்டுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி வந்து நிற்கும். மேலே ஆயிரக்கணக்கான வோல்ட். கீழே எர்த் ஆன தண்டு. நடுவே மெல்லிய பிளாஸ்டிக், அதுவும் தரம் குறைந்தது. சில நூறு மைலில் தீப்பொறி பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு நேராகத் தண்டுக்குப் பாய்ந்துவிடும். பிளக்குக்கு ஒன்றும் போகாது. கார் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் செத்து நிற்கும். ரோட்டரைத் திருப்பிப் பார்த்தால் ஊசி குத்தினாற்போல ஒரு கறுப்புப் புள்ளி. இதனால்தான் ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு நிற ரோட்டரை எம்ஜிக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.

அதே டிஸ்ட்ரிபியூட்டரில் இக்னிஷன் பாயிண்ட்டோடு சேர்ந்து வேலை செய்கிற கண்டென்சரின் கதை இன்னும் நுட்பம். புதிய கண்டென்சர்களில் சில சூடு ஏறினால் கெட்டு, ஆறினால் பிழைக்கும். இருபது மைல் ஓடி நிற்கும், அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஆறியபிறகு மெக்கானிக் பார்த்தால் எல்லாம் சரி. இந்த அறிகுறியை வைத்துக்கொண்டு கார்புரேட்டர், பம்ப், காயில் என்று வரிசையாக மாற்றுவது வழக்கமான கூத்து. பாயிண்ட் செட் மாற்றும்போது 'கூடவே இருக்கட்டும்' என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சரையும் மாற்றுவதுதான் பெரும்பாலும் தொடக்கம். பழசு வேலை செய்தால் தொடாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கழற்றிய பழசைத் தூக்கி எறியாமல் டிக்கியில் போடுங்கள்.

பிரேக் லைட் சுவிட்சும் இதே ஜாதி. பல வருட எம்ஜிபிகளில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் இயங்குகிற சுவிட்ச். இரண்டு 21 வாட் பல்பு, 3.5 ஆம்பியர், அவ்வளவுதான். ஆனாலும் இன்று வருகிற சுவிட்சுகள் சில மாதங்களில் உள்முனை கருகிப் போகின்றன. பின்னால் வருபவருக்கு நாம் பிரேக் போட்டது தெரியாது என்பதால் இது வேடிக்கையான கோளாறு இல்லை. ஒரு ரிலே போட்டுவிட்டால் சுவிட்ச் சுமக்கிற கரண்ட் கால் ஆம்பியருக்கும் கீழே வந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டையே எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? போடலாம். இடைவெளி சரிபார்க்கிற வேலை மிச்சம். ஆனால் அது செத்தால் ரோட்டில் ஒன்றும் செய்ய முடியாது. பாயிண்ட்டை ஒரு நகவெட்டி அரத்தால் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து வீட்டுக்கு வந்துவிடலாம். எனவே எலக்ட்ரானிக் போட்டவரும் பழைய பாயிண்ட் தட்டை முழுதாக ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு சுற்றுவதே நல்லது. அதோடு நம்பகமான ரோட்டர் ஒன்று, ஓடிய கண்டென்சர் ஒன்று, ஃபேன் பெல்ட், பிரிட்டிஷ் ஃப்யூஸ் நாலு, இரு நுனியிலும் கிளிப் போட்ட நீள ஒயர், ஒரு டெஸ்ட் லைட். இதைத் தாண்டி டிக்கியை நிரப்பினால் துணிமணிக்கு இடமிருக்காது.

கடைசியாக, ரெஸ்டோர் செய்த கார்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்து, புது ஒயரிங் முழுதாக இழுத்து, லட்சங்களைக் கொட்டி வெளியே வந்த எம்ஜிபி, துருப்பிடித்த பழைய காரைவிட அதிகமாக மக்கர் செய்வதைப் பார்க்கலாம். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சேர்ந்து மினுக்கும். ஹாரன் அடித்தால் டாஷ்போர்டு மீட்டரின் முள் துள்ளும். உரிமையாளருக்குத் தலை சுற்றும்: எல்லாமே புதுசாயிற்றே! காரணம் அந்தப் பெயிண்ட்தான். பழைய காரில் எர்த் ஒயரின் வளையம் வெற்றுத் தகட்டில் உட்கார்ந்திருந்தது. இப்போது அதே போல்ட், அழகான இரண்டு கோட் பெயிண்ட்டின் மேல் முறுக்கப்பட்டிருக்கிறது. எர்த் கிடைக்காத டெயில் லைட் கரண்ட், பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது; அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று சேர்ந்து மினுக்குகிறது. போல்ட்டைக் கழற்றி, வளையம் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி, வாஸ்லின் தடவி, பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்க வேண்டும். ரெஸ்டோர் செய்த ஷெட்டிலேயே இதைச் செய்யச் சொல்லலாம். புதுப் பெயிண்ட்டில் கத்தி வைக்கிறீர்களா என்று அவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.